கடலால் வந்தவர்களுக்கு என்ன சட்டம்?

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒரு பழைய றோலர் படகு வந்து நின்றது. முதலில் கண்டவர்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட, மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள், அதில் நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். ஊர்ச்சனம் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தது, பிறகு கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுபோனது.

அந்தச் செய்தி ஓடிய இரவு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மாமா இருந்தார், லண்டனிலிருந்து லீவில் வந்தவர். பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "உவையள உள்ளுக்கு எடுத்தா பிறகு ஒண்டும் செய்யேலாது பிள்ளை. உடன திருப்பி அனுப்ப வேணும். லண்டனில இப்ப படுற பாடு காணாதே?" அம்மா குசினிக்குள் நின்றபடி கேட்டார்: "தம்பி, நீ எண்பத்தொன்பதில எப்பிடிப் போனனி?" மாமா கோபப்படவில்லை. "அது வேறை அக்கா. நான் போய் ஆறு மாசத்தில வேலைக்குப் போட்டன். ஒருத்தற்ற காசிலயும் இருக்கேல்லை, வரி கட்டினனான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குள் நின்றுவிட்டது. மாமா வேலைக்குப் போனது அவருடைய கெட்டித்தனத்தால் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் புகலிட விண்ணப்பம் போட்டு ஆறு மாதம் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம், அந்தச் சலுகையை 2002இல்தான் எடுத்தார்கள். அப்படி ஒரு ஒழுங்கு இருந்ததால் அவர் யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. இங்கே கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருக்கிற பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதி ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சட்டப்படி ஒரு நாள் கூலிக்கும் போக முடியாது.

அதனால் இந்த விஷயத்தை மனிதாபிமானம் ஒரு பக்கம், நாட்டுப்பற்று ஒரு பக்கம் என்று வைத்துக் கத்திக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, இலங்கைக்கு முன்னால் உண்மையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எடுத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம் என்று நினைத்தேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வாசித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு முடிவு தெளிவாக வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை சேரவில்லை, அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேரவில்லை. எங்களுடைய குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதில் அகதி என்று ஒரு வகையே கிடையாது. வீசா உள்ளவர், வீசா இல்லாதவர், அவ்வளவுதான். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரும், விசிட் வீசா முடிந்தும் நின்று வியாபாரம் செய்கிறவரும் அந்தச் சட்டத்துக்கு ஒரே ஆள். இதே சட்டம்தான் எங்கள் சனத்தையும் பிடிக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் ஒழுங்காகத் திரும்பி வந்த ஒரு முதியவரைப் பலாலியில் வைத்துக் கைது செய்தார்கள், முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம். யுத்தத்துக்குள் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா வள்ளம் ஏறுவார்கள்? அகதி என்ற சொல்லைத் தெரியாத சட்டம் வருகிறவரையும் பிடிக்கும், போய்த் திரும்புகிறவரையும் பிடிக்கும்.

சரி, முதலாவது வழி மாமா சொன்னது. திருப்பி அனுப்புவது.

இதை நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். 2014இல் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்து ஐ.நா. அலுவலகத்தில் பதிந்து காத்திருந்தவர்களை வீடு வீடாகப் பிடித்துத் தடுத்து வைத்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்களை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். நிறையப் பேர் அஹமதியாக்கள், கிறிஸ்தவர்கள், அங்கே மத நிந்தனைச் சட்டத்துக்குப் பயந்து வந்தவர்கள். அந்த ஓகஸ்ட் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு இடைக்காலத் தடை கொடுத்தது, சில வாரங்களில் அது நீங்கியது, அனுப்புவது தொடர்ந்தது. அவர்களுடைய விண்ணப்பத்தை விசாரித்து இல்லை என்று முடிவு சொல்லிவிட்டு அனுப்பியிருந்தால் அது வேறு கதை. விசாரணை முடியுமுன்னே அனுப்பினார்கள்.

ரோஹிங்கியா விஷயத்தில் இந்த வழி இன்னும் மோசம். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தன்னுடைய மக்கள் என்றே ஏற்பதில்லை. ஏற்காத நாட்டுக்கு எந்தக் கடவுச்சீட்டில் அனுப்புவது, யாரிடம் ஒப்படைப்பது? 1948இல் குடியுரிமைச் சட்டம் ஒன்றைப் போட்டு மலையகத் தமிழர்களை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கிய நாட்டில் இருந்துகொண்டு இதை நாங்கள் விளங்காத மாதிரி இருக்க முடியாது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். பங்கு பிரிக்கவாவது எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். இங்கே அதுவும் இல்லை.

சட்டப்படியும் இந்த வழி சுத்தமாக இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1994இல் சேர்ந்தது. சித்திரவதை நடக்கும் என்று நம்ப நியாயமான காரணம் உள்ள நாட்டுக்கு யாரையும் அனுப்பக்கூடாது என்று அதன் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்காக நாங்கள் கொண்டுவந்த 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைக் குற்றமாக்கியதே தவிர, அந்த 3ஆம் உறுப்புரையை உள்ளே எடுக்கவில்லை. ஆனால் இன்னொரு சட்டம் இருக்கிறது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். காணாமலாக்கப்படும் ஆபத்து உள்ள நாட்டுக்கு ஒருவரை வெளியேற்றவோ திருப்பி அனுப்பவோ கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சட்டம் யாருடைய கண்ணீரில் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு றோட்டோரம் இருந்த அம்மாக்கள் கேட்டது தங்கள் பிள்ளைகளை. அவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை, ஆனால் அந்தப் போராட்டத்தின் பக்கமாக வந்த ஒரு வாசகம் இன்றைக்கு மியன்மார்ப் பிள்ளை ஒன்றுக்குக் காவலாக நிற்கக்கூடும். அரசாங்கம் திருப்பி அனுப்பப் பார்க்கிறது என்று பேச்சு வந்ததும் 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் சனம் றோட்டுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வழி, இப்போது இருப்பதை அப்படியே விடுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் படித்தவர்கள் பலர் இதைத்தான் பாதுகாப்பான நடுவழி என்று நினைக்கிறார்கள்.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: ஒருவர் வந்து புகலிடம் கேட்டால் அவரைப் பதிந்து, விசாரித்து, அகதியா இல்லையா என்று முடிவெடுப்பது ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம். அகதி என்று முடிவானால் அவர்களே அமெரிக்கா, கனடா என்று மூன்றாம் நாடு ஒன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும். அதுவரை இருக்க இலங்கை அரசு விடும். வேலை செய்ய விடாது. அரச ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கலாம், நல்ல விஷயம். பிள்ளைகள் அரச பாடசாலைக்குப் போக வழக்கமாக வழி இல்லை, தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற வகுப்புகள்தான்.

இந்த ஏற்பாடு ஓடியதற்குக் காரணம் மறுமுனையில் கதவு திறந்திருந்தது. இரண்டு மூன்று வருடம் காத்திருந்தால் எங்கேயாவது ஏற்றுவார்கள் என்ற நம்பிக்கையில் எல்லோரும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரி 20ஆம் திகதி டிரம்ப் பதவியேற்ற அன்றே அமெரிக்காவின் அகதிகள் மீள்குடியேற்றத் திட்டத்தை நிறுத்தினார். உலகத்திலேயே அதிகமானவர்களை எடுத்துக்கொண்டிருந்த கதவு அது. அதே வருடம் ஐ.நா. உயர் ஸ்தானிகராலயமே உலகம் முழுக்கக் காசில்லாமல் ஆட்களைக் குறைத்தது. இனிமேலும் இது ஐ.நா.வின் வேலை, எங்களுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், வந்தவர்கள் போக இடமில்லாமலும் இருக்க உரிமையில்லாமலும் இங்கேயே கிடப்பார்கள். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

பாதுகாப்பான வழி என்பதும் பொய். 2017 செப்டெம்பர் 26ஆம் திகதி கல்கிசையில் என்ன நடந்தது? அந்த வருடம் கடலில் மீட்ட 31 ரோஹிங்கியாக்கள், பாதிப்பேர் பிள்ளைகள், ஐ.நா. ஏற்பாடு செய்த ஒரு வீட்டில் இருந்தார்கள். பிக்குகள் முன்னுக்கு வர ஒரு கும்பல் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது, இவர்கள் பயங்கரவாதிகள் என்று கத்தினார்கள். பொலிஸார் அந்தச் சனத்தை மேல்மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றி, பிறகு பூஸா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் செய்யாதவர்கள் பூஸாவில். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில் இன்னும் பெரிதாக நடந்தது. ஆயிரம் பேரளவில் பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகளை வாடகை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். அவர்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலும் வாரக்கணக்கில் படுத்தார்கள். ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தீவிரவாதிகளிடமிருந்து தப்பி வந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று துரத்தியது நடந்தது, ஏனென்றால் இவர்கள் யார், ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல எங்கள் அரசின் முத்திரை குத்திய ஒரு கடதாசிகூட அவர்கள் கையில் இல்லை. ஐ.நா. தருகிற அட்டையை வீட்டுக்காரரும் மதிப்பதில்லை, சில நேரம் பொலிஸாரும் மதிப்பதில்லை.

அந்த நேரம் வடக்கிலும் எங்கள் ஆட்கள் சிலர், இது எங்கள் பிரச்சினை இல்லை, முஸ்லிம்களின் பிரச்சினை, இங்கே கொண்டுவந்து குடியேற்றப் பார்க்கிறார்கள் என்று பேசினார்கள். பயம் விளங்குகிறது, குடியேற்றம் என்ற சொல்லுக்கு எங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டதும் எங்கள் மண்ணில்தான் நடந்தது. அதை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது.

முள்ளிவாய்க்காலில் வந்தவர்களைக் கடைசியில் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். தங்கள் காணியைக் கேட்டு 2017இல் சனம் இரவு பகலாக வாசலில் இருந்த அதே கேப்பாப்பிலவு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகள் பார்க்கப் போனபோது முதலில் உள்ளே விடவில்லை. தடுப்பிடங்களுக்குப் போய்ப் பார்க்க அவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது, அப்படியிருந்தும். தெளிவான சட்டம் இல்லாத இடத்தில் வாசலில் நிற்கிறவர் சொல்வதுதான் சட்டமாகிவிடுகிறது.

சிலர் கேட்கிறார்கள், புதுச் சட்டம் எதற்கு, நீதிமன்றம் இருக்கிறதே, இந்தியாவைப் பாருங்கள் என்று. இந்தியாவும் அகதிகள் சமவாயத்தில் சேராத நாடுதான். 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில், உயிர் வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமானதல்ல என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லி அவர்களைக் காப்பாற்றியது. அதே நீதிமன்றம் 2025 மே மாதம் ஓர் ஈழத்தமிழருடைய வழக்கில், இந்தியா உலக அகதிகளுக்கெல்லாம் தர்மசாலையா என்று கேட்டு மனுவைத் தள்ளியது. தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது வருடமாக இருக்கிற எங்கள் சனத்தைக் கேட்டால் தெரியும், அங்கே பிறந்த பிள்ளைக்கும் பிள்ளை பிறந்துவிட்டது, இன்னும் முகாம் பதிவுதான். நீதிபதியின் மனசை நம்பியிருக்கிற பாதுகாப்பு அப்படித்தான் இருக்கும், ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

இலங்கையில் அந்த வழி இன்னும் ஒடுக்கம். எங்கள் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்பது, எல்லா ஆட்களுக்கும் பொருந்தும். 12(1), சட்டத்தின் முன் சமம், அதுவும் எல்லா ஆட்களுக்கும். ஆனால் 13ஆம் உறுப்புரையின் கடைசியில் 13(7) என்று ஒரு வரி இருக்கிறது: குடிவரவுச் சட்டத்தின் கீழ் நாடு கடத்தல் கட்டளையின் பேரில் ஒருவரைப் பிடித்து வைத்திருப்பது இந்த உறுப்புரையை மீறியதாகாது. அதாவது காரணமில்லாமல் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று வழக்குப் போட இருக்கிற முக்கியமான கதவை அரசியலமைப்பே மூடி வைத்திருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மொழி தெரியாமல், சட்டத்தரணி இல்லாமல், முகாமுக்குள் இருக்கிறவர் ஒரு மாதத்துக்குள் புதுக்கடைக்கு வந்து மனுப் போடுவாரா?

மூன்றாவது வழி, 1951 சமவாயத்தில் சேர்ந்துவிடுவது. மனித உரிமை பேசுகிறவர்கள் கூடுதலாகக் கேட்பது இது. எனக்கும் அதில் மறுப்பு இல்லை. எதிர்ப்பவர்கள் சொல்கிற பெரிய காரணம், கையெழுத்து வைத்தால் உலகமே படகேறி வந்துவிடும் என்பது. ரோஹிங்கியாப் படகுகள் எங்கே போகப் புறப்படுகின்றன? மலேசியாவுக்கு, இந்தோனேசியாவுக்கு. இரண்டும் கையெழுத்து வைக்காத நாடுகள். பத்து லட்சம் பேரளவில் இருப்பது பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில், அதுவும் கையெழுத்து வைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் 1981இலேயே சேர்ந்தது, அங்கே படகுகள் குவியவில்லை. கடலில் என்ஜின் நின்று மிதக்கிறவர் எந்த நாடு எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது என்று பார்த்துத் திரும்புவதில்லை. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிப் பக்கத்தில் கடற்படை மீட்ட 104 பேரும் அப்படி வந்தவர்கள்தான்.

சமவாயத்தில் சேருவது என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்குவது என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலை, வீடு, உதவிப்பணம் போன்ற உறுப்புரைகளுக்கு ஒதுக்கம், அதாவது இது எங்களைக் கட்டாது என்ற நிபந்தனை, போட்டுச் சேரலாம், 42ஆம் உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. அகதி யார் என்ற வரைவிலக்கணம், பாகுபாடு காட்டாமை, மத சுதந்திரம், நீதிமன்றம் போகும் உரிமை, 33ஆம் உறுப்புரையான திருப்பி அனுப்பாமை, இவற்றில் மட்டும் கைவைக்க முடியாது. போர்க்குற்றம் செய்தவரையும் பாரதூரமான குற்றம் செய்தவரையும் விலக்கி வைக்க 1ஆம் உறுப்புரையிலேயே இடமிருக்கிறது.

ஆனாலும் கையெழுத்தை மட்டும் நம்பி நான் வரமாட்டேன், இரண்டு காரணம். ஒன்று, எங்கள் நாட்டில் சர்வதேச ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டமாவதில்லை. 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்று நினைவிருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறையில் இருந்த ஒரு தமிழர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டு வென்ற முடிவோடு வந்தார். அப்படி முறையிட இடம் தருகிற, ஜனாதிபதி சேர்ந்த நெறிமுறைக்கு இங்கே சட்ட வலு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது காரணம் கம்போடியா. 1992இல் சமவாயத்தில் சேர்ந்த நாடு. 2009 டிசம்பரில் புகலிடம் கேட்டிருந்த 20 உய்குர் மக்களை, விசாரணை முடியுமுன்னே, சீனாவுக்கு அனுப்பியது.

சரி, கையெழுத்து வேண்டாம், அமைச்சரவை ஒழுங்குவிதி ஒன்றைப் போட்டால் போதாதா? தாய்லாந்து அதைத்தான் செய்தது, 2019இல் ஒழுங்குவிதி போட்டு 2023இல் நடைமுறைக்கு விட்டது. 2025 பெப்ரவரியில் பத்து வருடத்துக்கு மேலாகத் தடுத்து வைத்திருந்த 40 உய்குர் ஆண்களை இரவோடு இரவாகச் சீனாவுக்கு அனுப்பியது.

இந்த இரண்டு நாடுகளையும் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு நாலாவது வழி பிடிபட்டது. பாராளுமன்றத்தில் ஒரு சின்ன உள்நாட்டுச் சட்டம், அதுதான் முதல் வேலை. சமவாயத்தில் சேருவது அதற்குப் பிறகு, தேவையான ஒதுக்கங்களோடு. தலைகீழாகச் செய்தால் சிங்கராசா வழக்கின் பாதையில்தான் போய் முடியும்.

அந்தச் சட்டத்தில் நூறு பக்கம் வேண்டாம். சித்திரவதைக்கோ கொலைக்கோ காணாமலாக்கலுக்கோ அனுப்பமாட்டோம் என்ற வாக்கு, 2018 சட்டத்தில் பாதி இருப்பதை முழுமையாக்க வேண்டும். தடுத்து வைப்பதற்குக் கால எல்லையும், அதை நீதவான் ஒருவர் பார்ப்பதும். பிள்ளைகளை முகாமில் வைக்கவே கூடாது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பதிந்து ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி. படமும் கைரேகையும் உள்ள அரச அடையாள அட்டை, இது பாதுகாப்புப் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கணக்கில் இல்லாத ஆளைவிடக் கணக்கில் இருக்கிற ஆள் நாட்டுக்கு நல்லது. முடிவெடுப்பது குடிவரவுத் திணைக்களத்துக்குள்ளேயே இருக்கக்கூடாது, ஆட்களைப் பிடிக்கிற கையிடமே முடிவையும் கொடுக்க முடியாது. கடைசியாக ஒன்று, மேன்முறையீடு. அது முடியும்வரை அனுப்ப முடியாது என்ற நிபந்தனையோடு.

காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. 2022இல் காஸ் வரிசையில் நானும் நின்றவள். ஆனால் இப்போது இலங்கையில் இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கணக்கில்தான், இலட்சக்கணக்கில் இல்லை. அவர்களை வேலை செய்ய விடாமல், முகாமில் படையினர் காவலில் வைத்துச் சாப்பாடு போடுவதைவிட, வேலைக்கு விடுவது செலவு குறைவு. இதைச் சட்டமாக்கத் தொகை குறைவாக இருக்கிற இந்த நேரம்தான் நல்ல நேரம். ஆயிரக்கணக்கில் வந்த பிறகு நிதானமாகச் சட்டம் எழுத எந்தப் பாராளுமன்றத்தாலும் முடியாது.

மாமா அடிக்கடி சொல்கிற லண்டன் வாக்குவாதத்தையும் இந்த இடத்தில் தொட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளுக்குள் இந்தக் கருத்துகள் வருவது அங்கிருந்துதான். புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2023 நவம்பர் 15ஆம் திகதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதன் பிறகு ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தை விட்டே வெளியேற வேண்டும் என்ற குரல் பெருத்தது, 2025 ஒக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி அதைக் கொள்கையாகவே அறிவித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாசித்தால், திருப்பி அனுப்பாமை என்பது அந்த ஒரு சமவாயத்தில் மட்டும் இல்லை, அகதிகள் சமவாயத்திலும் சித்திரவதைச் சமவாயத்திலும் பிரிட்டனின் சொந்தச் சட்டங்களிலும் இருக்கிறது என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கயிறு அறுந்தாலும் இன்னும் மூன்று இருக்கிறது. எங்களிடம் இருப்பது 2018இன் அரைக் கயிறு. அங்கே நடப்பது இருக்கிற பாதுகாப்பில் எவ்வளவைக் குறைப்பது என்ற சண்டை, அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒன்றுமே இல்லாத இங்கே வைப்பது பொருந்தாது. 2008இல் அந்த ஐரோப்பியச் சமவாயத்தின் நீதிமன்றம், பிரிட்டன் கொழும்புக்கு அனுப்பவிருந்த ஒரு தமிழரை அனுப்பக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்து எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது என்று ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இதெல்லாம் எழுத முன்னம் மாமாவுக்குப் போன் எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலை அனுமதிக்கு உடனே ஓம் என்றார், "வேலை செய்ய விட்டா அவன் தன்ர பாட்டில இருப்பான்." அட்டைக்கு ஓம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவதற்கு, "அதை ஆர் வேண்டாம் எண்டது?" என்றார். மேன்முறையீட்டில்தான் பிடித்துக்கொண்டார். "அப்பீல் எண்டு வருசக்கணக்கா இழுப்பாங்கள் பிள்ளை. முதல் அனுப்பு, வேணுமெண்டா அங்கயிருந்து அப்பீல் பண்ணட்டும்."

அதுவும் நடந்திருக்கிறது, எங்கள் ஆட்களுக்கே. 1987இல் பிரிட்டனில் புகலிடம் கேட்ட ஐந்து தமிழர்களுக்கு இல்லை என்று சொல்லி, 1988 பெப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். நாட்டைவிட்டு வெளியே போன பிறகுதான் மேன்முறையீடு செய்யலாம் என்பது அப்போதைய விதி. அவர்களில் சிலர் இங்கே வந்து பிடிபட்டு அடியும் வாங்கினார்கள். 1989 மார்ச்சில் அந்த மேன்முறையீட்டை விசாரித்தவர், இவர்களுடைய பயம் நியாயமானது, புகலிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார், விமானம் ஏற்றி ஒரு வருடத்துக்கு மேல் போனபின். அந்த வருடக் கடைசிக்குள் அவர்களைத் திரும்ப பிரிட்டனுக்கு எடுத்தார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அவை திரும்பி வந்தது எண்பத்தொன்பதிலயோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.